பெரியதாழைக்கு நம்பர் கொடுத்தது யார்?

அன்று காலை தூத்துக்குடி அலுவலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் முதலாளி, கேஷியர் அண்ணாச்சி, நான், ஒரு தேங்காய். போனில் இருந்தவர்கள் இரண்டு பேர்: வேம்பார் ஷெட்டிலிருந்து ஓர் அண்ணன், பெரியதாழை ஷெட்டிலிருந்து ஓர் அக்கா. வராதவர்கள் என்று பார்த்தால் என் அப்பா. அவர் உப்பளத்தில் வேலையில் இருந்தார். ஆனால் என்ன ஆயிற்று என்று கேட்க மிஸ்டு கால் விட்டுக்கொண்டே இருந்ததால் அவரையும் பாதி வந்தவராகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொருவர் பெரியதாழை அக்காவின் வீட்டுக்காரர். அவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவ்வளவு தூரத்தில் இருந்ததால் அவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனி கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்புகிற கம்பெனி. வடக்கே வேம்பாரில் ஒரு ஷெட், தெற்கே பெரியதாழையில் ஒரு ஷெட். இரண்டிலும் தராசுப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அங்கே மீனை நிறுத்து எடையை அடித்தால், இங்கே கேஷியர் அண்ணாச்சி மேசையிலிருக்கிற பிரிண்டரில் எடைச்சீட்டு வந்து விழும். சீட்டு விழுந்தால்தான் அண்ணாச்சி "வண்டிய விடு" என்பார். சீட்டு விழாவிட்டால் மீன் அங்கேயே நிற்கும். மீனுக்கு நிற்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் நடக்க, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் வேண்டும். அந்த நம்பரை வைத்துத்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். அதுவரை அந்த நம்பரை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் அடித்துக்கொண்டிருந்தவன் நான். என் படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமோ. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். என்ன வேலை என்று அப்பாவிடம் விளக்கியபோது அவர் ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டு டீக்கடையில் போய்ச் சொன்னார்:

"என் மவன் கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்பர் போடுதான்."

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அதுக்கும் மேல" என்றாராம் அப்பா.

கையால் நம்பர் அடிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் உப்புக் காற்று. எங்கள் கரையில் எந்தக் கம்ப்யூட்டரும் நிம்மதியாக ஒரு வருஷம் வாழ்ந்ததில்லை. ஒன்று துருப்பிடித்துச் செத்தால், இன்னொரு ஷெட்டில் சும்மா கிடப்பதை ஐஸ் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எனக்குச் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் ஊர் மாறும், ஆனால் பழைய ஊர் நம்பரோடு போகும். ஒருமுறை அண்ணாச்சி மேசையில் 'வேம்பார், நண்டு' என்று சீட்டு வந்தது. வண்டி வந்து கதவைத் திறந்தால் உள்ளே பெரியதாழைச் சாளை மீன். நண்டுக்காகக் காத்திருந்த ஏற்றுமதிக்காரர், சாளையைப் பார்த்து, நண்டு எப்போது செதில் முளைத்தது என்று கேட்டார்.

அப்படி ஆகும்போதெல்லாம் நான் பஸ் ஏறுவேன். திருச்செந்தூர் போய், அங்கே பஸ் மாறி, பெரியதாழையில் இறங்கி, ஷெட்டில் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் திரும்புவேன். ஒரு நாள் நான் வேலை செய்வதைப் பார்க்க வலைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நான் நாலை அழித்து அஞ்சு என்று அடித்துவிட்டு எழுந்தேன்.

"முடிஞ்சிட்டா?" என்றார் ஒருவர்.

"முடிஞ்சிட்டு."

"நாலை அஞ்சாக்கவா தூத்துக்குடியிலருந்து வந்தீரு? போன்ல சொன்னா நாங்க அடிச்சிருக்க மாட்டோமா? எங்களுக்கும் அஞ்சு தெரியும்வே."

அக்கா எனக்காகப் பரிந்து பேசினார்: "ஏ, சும்மா இருங்க. தம்பி படிச்ச புள்ள. அது சாதா அஞ்சு இல்ல."

இந்த அவமானம் பொறுக்காமல்தான், நம்பரைத் தானாகக் கொடுக்கிற ஏற்பாட்டைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன். தூத்துக்குடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் நம்பர் கொடுக்கும். ஷெட்டில் எந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலும் அது "எனக்கு யாராவது நம்பர் கொடுங்கள்" என்று கத்தும். அந்தச் சத்தம் ஷெட்டைத் தாண்டாது. ஷெட்டின் வெளி இணைப்புப் பெட்டி அதைக் கேட்டு, "பெரியதாழையில் ஒருத்தன் கத்துகிறான்" என்று தூத்துக்குடிக்குச் சொல்லும். இங்கிருந்து பெரியதாழைக்கான நம்பர் ஒன்று போகும், கொஞ்ச காலத்துக்கு மட்டும். எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்த ஊர் நம்பர் கிடைத்துவிடும்.

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்கு அவர் பாஷையில் சொல்லத் தோன்றியது.

"மொதலாளி, ஹார்பருக்குக் கப்பல் வருது. வெளிய நங்கூரம் போட்டு நின்னு, எனக்கு நிக்க எந்த பெர்த்துன்னு கேக்குது. போர்ட்காரன் நம்பர் சொல்லுதான். சரக்க எறக்கிட்டுப் போனதும் அந்த பெர்த்து அடுத்த கப்பலுக்கு."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இத்தன நாளா?"

"இத்தன நாளா ஒவ்வொரு கப்பல்லயும் நான் நீந்திப் போய் நம்பர் எழுதிட்டு வந்தேன்."

"ஏலே, கூறுகெட்டவனே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் உற்சாகத்தில், "இனிமே யாரும் எந்த ஷெட்டுக்கும் போகவே வேண்டாம் மொதலாளி" என்று சொல்லிவிட்டேன். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை; அந்த மாதம்தான் முடிவாக வேண்டியது.

"சரி. தொடங்குத அன்னிக்கு ரெண்டு ஷெட்டு சீட்டும் இங்கன உக்காந்தபடியே வரணும். வந்தா நீ பெர்மனென்ட். ஒரே ஒரு ஆளு பொறப்பட்டுப் போக வேண்டி வந்தாலும், பழையபடி கையால நம்பர். அதுக்கு ஐஸ் வண்டி டிரைவர் போதும். அவனுக்கும் அஞ்சு தெரியும்."

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு வேறு கவலை.

"ஏலே, அது தானாவே நம்பர் குடுத்துட்டுன்னா, ஒன்னை எதுக்குல வச்சிருப்பாரு?"

"அது குடுக்குதான்னு பாத்துக்கிட ஆள் வேணும்லப்பா."

"பாத்துக்கிட்டே இருக்கதுக்குச் சம்பளமா?" அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நீ மேஸ்திரில." அதையும் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். இனி நான் தோற்க வழியே இல்லாமல் போயிற்று.

முதலாளி நல்ல நேரம் பார்த்தார். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் ஆன் செய்ய வேண்டும் என்றார். அதற்குத் தேவையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேஷியர் அண்ணாச்சி என் காலை மிதித்தார். நம்பர் கொடுக்கிற கம்ப்யூட்டரின் நெற்றியில், அதாவது பவர் பட்டனில், சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பட்டன் எது பொட்டு எது என்று எனக்கே குழப்பம். தேங்காய் உடைத்த தண்ணீர் கம்ப்யூட்டர் மேல் தெறிக்காமல் நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான வேலைகளில் அதுவும் ஒன்று.

முதலாளி ஸ்பீக்கரில் போட்ட போனைப் பார்த்து, "போடுங்கல!" என்றார்.

வேம்பார் போட்டது. என் திரையில் வேம்பாருக்கு ஒரு நம்பர் போனது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஒரு முறை முனகி, 'வேம்பார், நண்டு' என்று சீட்டைத் தள்ளியது.

"நண்டுதானால?" என்று முதலாளி போனில் கேட்டார்.

"நண்டுதான் மொதலாளி. என் வெரல கடிச்சிட்டுக் கெடக்கு" என்றார் வேம்பார் அண்ணன்.

பெரியதாழையும் போட்டது. என் திரையில் எதுவும் வரவில்லை. பிரிண்டரும் பேசவில்லை.

"அக்கா, கம்ப்யூட்டர் ஆன் ஆயிட்டா?"

"ஆயிட்டு தம்பி. நல்லா இருக்கு."

"நம்பர் வந்துட்டா பாருங்க. நேத்து சொல்லிக் குடுத்தேன்ல, அந்த எடத்துல."

"வந்துட்டு தம்பி! ஒங்க நம்பர் வந்துட்டு!" அக்காவுக்கு எனக்காக அவ்வளவு சந்தோஷம்.

நான் கொடுக்கவே இல்லையே.

"வாசிங்கக்கா."

"ஒன்னு, ஒம்போது, ரெண்டு, புள்ளி..."

எங்கள் நம்பர் எல்லாம் பத்தில் தொடங்கும். அக்கா வாசித்தது வேறு யாரோ கொடுத்தது.

"அக்கா, இது நான் குடுத்தது இல்ல."

"பின்ன யாரு குடுத்தா?"

"அதான் எனக்கும் தெரியல."

"நீங்க குடுத்திருப்பீக தம்பி, மறந்திருப்பீக" என்றார் அக்கா ஆறுதலாக.

முதலாளி கார் சாவியை எடுத்து விரலில் சுழற்ற ஆரம்பித்தார். சாவி ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஐஸ் வண்டி டிரைவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அஞ்சு அடிப்பது எனக்குத் தெரிந்தது.

கேஷியர் அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "தம்பி, இது சிலோன்காரன் வேலையா இருக்கும்."

"எப்படி அண்ணாச்சி?"

"கடக்கரையில நின்னா நம்ம போன்ல சிலோன் டவர் எடுத்து 'உங்களை வரவேற்கிறோம்'னு மெசேஜ் வருதுல்லா. அதே மாரி நம்ம கம்ப்யூட்டரு கத்துனது அங்கன கேட்டிருக்கும். பாவம்னு ஒரு நம்பர் குடுத்திருப்பான்."

"அப்படியெல்லாம் கேக்காது அண்ணாச்சி. சத்தம் ஷெட்டத் தாண்டாது."

"நீ சொல்லுத. மணப்பாட்டுல என் மச்சான் போன் ஒரு வாரம் சிலோன்லதான் இருந்தது. பில்லு வந்த பொறவுதான் இந்தியாவுக்கே வந்தான்."

முதலாளி சாவியை நிறுத்தினார். "கடலோரக் காவல்படை கோஸ்ட் கார்டுல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. கூப்பிடவா?"

"வேண்டாம் மொதலாளி!"

உண்மையில் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் கத்தும்போது யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுத்த நம்பரைத்தான் வாங்கிக்கொள்ளும். எங்கள் பதில் தூத்துக்குடியிலிருந்து போக வேண்டும். ஷெட்டுக்குள்ளேயே ஒருத்தன் இருந்து பதில் சொன்னால் அவன்தான் முந்துவான். ஆக, பெரியதாழை ஷெட்டுக்குள் எங்களுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்க வேண்டும்.

"அக்கா, ஷெட்டுல புதுசா ஏதாவது பெட்டி, மெஷின், எதாவது வச்சீங்களா?"

"புதுசா ஒன்னும் இல்ல தம்பி. எல்லாம் பழசு. தராசு மாத்திக் குடுங்கன்னு மொதலாளிகிட்ட எத்தன வாட்டி..."

"அத பொறவு பேசுவோம்" என்றார் முதலாளி அவசரமாக.

"சரிக்கா, ஒன்னு செய்ங்க. ஷெட்டுல இருக்க எல்லாத்தையும் அமத்துங்க. எல்லா ஸ்விட்சும். பொறவு கம்ப்யூட்டரையும் அதுக்கான நெட்டு பெட்டிகளையும் மட்டும் போடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

போனில் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. ஃபேன் நின்றது. ஐஸ் உடைக்கிற மெஷின் நின்றது. யாரோ ஓர் ஆண் குரல், "ஏக்கா, வேக்குது!" என்றது. "தம்பி சொல்லிட்டு. பேசாம கெட" என்றார் அக்கா.

"ஐஸ் மெஷின் ஏம்மா நிக்கி?" என்றார் முதலாளி.

"தம்பிதான் அமத்தச் சொன்னாரு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"போட்டுட்டேன் தம்பி. நம்பர் வந்துட்டு. ஒன்னு, ஒம்போது, ரெண்டு..."

அதே நம்பர். அண்ணாச்சி மெதுவாக, "சிலோன்" என்றார்.

முதலாளி எழுந்தார். "சாள கெட்டுட்டு இருக்கு. நான் போயி நேர்ல பாத்துட்டு வாரேன். நீ இங்கன இரு. டிரைவர்கிட்ட வேலய ஒப்படைக்கணும்ல, அதுக்கு."

அவர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்தேன். வெளிச்சம்தான் வழி. உயிரோடு இருக்கிற பெட்டி எதுவானாலும் எங்கேயாவது ஒரு விளக்கு மின்னும்.

"அக்கா, இன்னொரு வாட்டி எல்லாத்தையும் அமத்துங்க. கம்ப்யூட்டரையும். கதவ அடைச்சிட்டு சுத்திப் பாருங்க. எங்கயாவது லைட் எரியுதா?"

கதவு அடைக்கிற சத்தம். மீன்வாடை போனிலேயே வந்தது மாதிரி இருந்தது.

"ஒன்னும் எரியல தம்பி. கும்முன்னு இருட்டு."

கீழே கார் கதவு சாத்தப்பட்டது.

"நல்லா பாருங்கக்கா. சின்ன லைட்டு கூட இல்லியா?"

"இல்ல தம்பி. மாதா லைட்டு மட்டும்தான் எரியுது."

எல்லாத்தையும் அமர்த்தச் சொன்னால் எங்கள் கரையில் யாரும் மாதா லைட்டை அமர்த்த மாட்டார்கள். அது அந்த 'எல்லா'வில் வராது. பெரியதாழை ஷெட்டில் சுவரில் உயரமாக ஒரு பலகை. அதில் மாதா படம், படத்தைச் சுற்றி சீரியல் லைட், பூ. கரண்டு போனாலும் அது அணையக் கூடாது என்று நேராக இன்வெர்ட்டரிலிருந்து கொடுத்த பிளக். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கும் அது ஸ்விட்சுக் கணக்கில் வந்ததே இல்லை.

"மாதா லைட்டு என்ன கலருக்கா?"

"செவப்பு ஒன்னு, மஞ்ச ஒன்னு, செவப்பு ஒன்னு, மஞ்ச ஒன்னு. அதுக்குக் கீழ பச்ச ரெண்டு, மின்னி மின்னி எரியுது."

"பச்ச எதுக்குக்கா மின்னுது?"

"அது மாதா லைட்டு இல்ல தம்பி. அது அவுக கொண்டாந்த பெட்டி."

கீழே கார் ஸ்டார்ட் ஆயிற்று.

"எந்த அவுக? எந்தப் பெட்டி?"

"எங்க வீட்டுக்காரவுக. போன லீவுல வந்தப்ப மஸ்கட்லருந்து ஒரு வைஃபை பெட்டி கொண்டாந்தாக. ரெண்டு கொம்பு வச்சது. வீடியோ கால்ல தெனம் பேசலாம்னு. இங்கன இருக்க வயர அதுல சொருகி மாட்டிட்டுப் போனாக. கோடு எல்லாம் முழுசாக் காட்டுது, ஆனா படம்தான் வரல. லீவு முடிஞ்சி போயிட்டாக. சரி, மாதா பாதத்துல இருக்கட்டும், ஒரு நாள் வரும்னு வச்சிருக்கேன்."

"அக்கா, நான் புதுசா ஏதாவது இருக்கான்னு கேட்டேன்ல?"

"இது புதுசு இல்லியே தம்பி. அவுக வந்துட்டுப் போயே எவ்வளவு நாளாச்சி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெட்டியும் நம்பர் கொடுக்கிற பெட்டிதான். இத்தனை நாளும் அது மாதா பாதத்தில் உட்கார்ந்து, யாராவது நம்பர் கேட்பார்களா என்று காத்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு நான் கையால் நம்பர் அடித்திருந்ததால் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு நல்ல நேரத்தில் முதல் முறையாக எங்கள் கம்ப்யூட்டர் ஒன்று கேட்டது. கேட்ட உடனே, தூத்துக்குடியை முந்திக்கொண்டு, மஸ்கட் பெட்டி வாரிக் கொடுத்துவிட்டது.

நான் ஜன்னலுக்கு ஓடி, "மொதலாளி! கிடைச்சிட்டு! போகாதீங்க!" என்று கத்தினேன். முதலாளி கார் கண்ணாடியை இறக்கினார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"சிலோனா?"

"மஸ்கட்டு!"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கோஸ்ட் கார்டு போதாது, நேவியைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, அந்தப் பெட்டி பிளக்க மட்டும் பிடுங்கிருங்க. உடனே."

ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் வந்தது, அதோடு நின்றது.

"அக்கா?"

"தம்பி, அதுக்குன்னு தனி பிளக்கு இல்ல. மாதா லைட்டும் அதும் ஒரே பிளக்குலதான் முறுக்கி விட்டிருக்கு. பிடுங்குனா மாதா இருட்டுல ஆயிருவாக."

"ஒரு நிமிசம்தான்."

"ஒரு நிமிசமும் கூடாது தம்பி. புயலடிச்சப்பவே அணையல அது. ஆம்பளைக எல்லாம் கடல்ல கெடக்காக. நான் எப்படி அமத்துவேன்?"

"சரி, அந்தப் பெட்டியில இருந்து நெட்டு வயர மட்டும் உருவுங்க."

"அது வர மாட்டுக்கு தம்பி. அவுக உறுதியா இருக்கட்டும்னு ரெண்டு முனையிலயும் டேப்பு சுத்தி, அது மேல ஏசிக்குப் போடுத பசய வேற தடவியிருக்காக. அவுக வேலன்னா சுத்தமா இருக்கும்."

இதைச் சொல்லும்போது அக்கா குரலில் ஒரு பெருமை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலாளி காரை மெயின் ரோட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். இதோ, புறப்பட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம்.

"அக்கா, என் வேலையே இதுலதான் இருக்கு. கார் தெருவத் தாண்டுனா எனக்கு வேல கிடையாது. எங்கப்பா டீக்கடையில மேஸ்திரின்னு சொல்லிட்டாரு."

அக்கா, "அப்படின்னா மெழுகுதிரி கொளுத்தி வச்சிட்டுப் பிடுங்கலாம்" என்றார். "மாதா இருட்டுல இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கரண்டுதான் வேணும்னு அவுக கேக்கல."

"கொளுத்துங்கக்கா!"

"திரி இல்லியே."

"கடையில வாங்குங்க!"

"தம்பி, கம்பெனி கணக்கா, என் கணக்கா?"

நான் ஜன்னலுக்கு ஓடினேன். "மொதலாளி! மெழுகுதிரி கம்பெனி கணக்கா?"

"என்னது?"

"மெழுகுதிரி! மாதாவுக்கு!"

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெருவில் இரண்டு பேரும் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரரும் அவரைப் பார்த்தார்கள். "கம்பெனி கணக்குதாம்ல! வாங்கித் தொலைங்க!" என்று கத்தினார்.

போனில் அக்கா யாரையோ கடைக்கு விரட்டினார். "ஏ, ஓடு. மெழுகுதிரி ஒன்னு. பெருசு. கம்பெனி கணக்கு." அந்த ஆள் போய், திரி வாங்கி, தீப்பெட்டி வாங்க மறந்து வந்து, மறுபடி போனார். பீடி குடிக்கிற யாராவது தீப்பெட்டி வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்டேன். மாதாவுக்குப் பீடித் தீப்பெட்டியா என்று அக்கா என்னைக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கார் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி நல்ல நேரம் முடியப் போகிறது என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அதையும் அந்த நேரத்தில் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார்கள். இடையில் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் கூடவே முணுமுணுத்தேன். ஆமென் வந்ததும் அக்கா பிளக்கைப் பிடுங்கினார்.

"மத்ததெல்லாம் போடுங்கக்கா. கம்ப்யூட்டரையும்."

ஃபேன் சுற்றியது. ஐஸ் மெஷின் உறுமியது. என் திரையில் ஒரு வரி கூடியது: பெரியதாழை.

"தம்பி, நம்பர் மாறிட்டு. பத்து, புள்ளி..."

"அடிங்கக்கா! எடைய அடிங்க!"

பிரிண்டர் முனகியது. அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டி, பிள்ளையை ஏந்துகிற மாதிரி சீட்டை வாங்கினார். 'பெரியதாழை, சாளை.' நான் அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே ஆட்டினேன்.

முதலாளி இன்ஜினை நிறுத்தினார்.

மேலே வந்து சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாவியை மேசை டிராயரில் போட்டு மூடினார். "ஒன்னாந்தேதியிலருந்து பெர்மனென்ட் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு" என்றார். அவ்வளவுதான். நான் அப்பாவுக்கு மிஸ்டு கால் விட்டேன்.

ஆனால் அன்று மத்தியானம் பெரியதாழையிலிருந்து மறுபடியும் போன். அக்காதான்.

"தம்பி, ஒங்க வேல நடந்துட்டு. அவுக பெட்டி இருட்டாக் கெடக்கு. மாதா லைட்டத் தனியாப் பிரிச்சு மாட்டிட்டேன். ஆனா அவுகளுக்கு என்ன சொல்லுவேன்? பெட்டிய அமத்திட்டேன்னு சொன்னா, எம் மேல இருந்த ஆசையும் அமந்துட்டான்னு கேப்பாக."

அந்தப் பெட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை. அது கொடுத்த நம்பரை வாங்கியதால்தான் அக்காவின் போனால் ஷெட்டைத் தாண்ட முடியவில்லை; நம்பர் கொடுக்கிற ஆசையை மட்டும் விட்டுவிட்டால் போதும். அக்காவிடம் நிதானமாகப் பசையைச் சுரண்டி வயரை உருவச் சொல்லி, கம்ப்யூட்டரையும் அந்தப் பெட்டியையும் மட்டும் தனியாக ஒரு வயரில் இணைக்கச் சொல்லி, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் போய் எந்தக் கட்டத்தில் டிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். எடைச்சீட்டு அடிக்கிற வேகத்தில் அடித்தார். என்னால் பாதிக்குத்தான் ஈடு கொடுக்க முடிந்தது. பிறகு பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து எல்லாவற்றையும் முன்போல் மாட்டச் சொன்னேன்.

என் திரையில் இன்னொரு வரி கூடியது. பெரியதாழை ஷெட்டில் ஒரு போன், தூத்துக்குடியிலிருந்து நம்பர் வாங்கியிருந்தது. சற்று நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது, அக்காவின் கூவல்.

"படம் வந்துட்டு தம்பி! அவுக முகம் வந்துட்டு! குளிச்சிட்டு நிக்காக!"

"சந்தோசம்க்கா. டிக்க எடுத்ததும் சரியாயிட்டு, பாத்தீயளா?"

"டிக்கா? மெழுகுதிரி தம்பி. இத்தன நாளு சும்மா சீரியல் லைட்டக் காட்டி ஏமாத்திட்டு இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் திரி கொளுத்துனேன். மாதா ஒடனே குடுத்துட்டாக." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். அதான் ஒங்களுக்கும் நம்பர் வந்தது" என்றார்.

பாலிடெக்னிக்கில் இதற்குப் பாடம் இல்லை. வேம்பார் அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, தன் ஷெட் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, அதற்கு என்ன கொளுத்த வேண்டும் என்று கேட்டு இப்போதும் போன் செய்கிறார்.

மறுநாள் ஐஸ் வண்டியில் பில் வந்தது. கேஷியர் அண்ணாச்சி வவுச்சர் எழுத உட்கார்ந்து, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். பூஜைச் செலவா, ஷெட் செலவா? நெட்வொர்க் பராமரிப்பு என்று எழுதச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மெழுகுதிரி சரி, தீப்பெட்டியுமா என்று கேட்டார். மாதாவுக்குப் பீடித் தீப்பெட்டி ஆகாது என்று நான் விளக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மெழுகுதிரி பத்து ரூபாய், தீப்பெட்டி இரண்டு ரூபாய். ஆக மொத்தம் பன்னிரண்டு ரூபாய்.